தலைமாட்டு ஒயர்

ஐ.சி.யூ.வுக்குள் வரும் சொந்தக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அழுங்கள், ஜெபம் பண்ணுங்கள், என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள். ஒயரை மட்டும் தொடாதீர்கள். குளோரியம்மாவிடம் நல்லவிதமாகவும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டும் சொன்னேன். இந்த டாக்டர் ஆன்ஸ்லினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். குளோரியம்மாவுக்கு மட்டும் அது உறைக்கவே இல்லை.

அவருடைய ஒரே மகன் சஜின். விசைப்படகில் வலை இழுக்கும்போது கப்பி அறுந்து வந்து தலையின் இடது பக்கம் அடித்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தபோது நினைவில்லை. எங்கள் சர்ஜன் எட்சன் சார் மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, மெல்லிய கண்ணாடி இழை ஒன்றை மூளைக்குள் இறக்கினார். அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய ஒரு சவ்வு இருக்கும். மூளை வீங்கிச் சவ்வை அமுக்கினால், இழை வழியாகப் போய்த் திரும்பி வருகிற ஒளி மாறும். தலைமாட்டில் இருக்கும் மெஷின் அந்த மாற்றத்தை ஓர் எண்ணாகக் காட்டும். எண் இருபதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டால் மண்டையோட்டில் ஒரு பாகத்தைக் கழற்றி, வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க வேண்டும். அது பெரிய ஆபரேஷன், சும்மா செய்துவிட முடியாது. செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாவிட்டால் பிள்ளை பிழைக்காது.

இந்த இழை ரொம்ப வீம்பு பிடித்தது. எது பூஜ்யம் என்பதை உள்ளே இறக்கும் முன்பே மெஷினுக்குச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன பிறகு திருத்த முடியாது. கொஞ்சம் அதிகமாக மடங்கினால் முறிந்துவிடும். முறிந்தால் தலையில் இன்னொரு துளை. போதாக்குறைக்கு அந்த வாரம் எங்கள் ஸ்டோரில் மாற்று இழை ஒன்றுகூட இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். அதனால்தான் அந்த ஒயர் பக்கம் யார் கை நீண்டாலும் நான் சத்தம் போட்டுவிடுவேன்.

முதல் நாள் குளோரியம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி, மகன் பிழைப்பானா என்பது அல்ல.

"மோளே, நீ ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?"

கத்தோலிக்கமா, புராட்டஸ்டண்டா? எங்கள் ஜில்லாவில் பெயரைக் கேட்டதும் அடுத்து வருவது இதுதான். "சி.எஸ்.ஐ. மார்த்தாண்டம் பக்கம்" என்றேன்.

"ஓ, எண்ணெயெல்லாம் நம்பாத ஆளுவளாக்கும்" என்றார். குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. முந்தானை முடிச்சில் ஒரு சின்னக் குப்பி வைத்திருந்தார். அவர்கள் ஊர் அந்தோணியார் குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோயிலில், எரிகிற விளக்கிலிருந்து எடுத்த தேங்காய் எண்ணெய். அங்கே போகிறவர்கள் விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள். சுகமில்லாதவர்களுக்குப் பூச அதிலிருந்தே கொஞ்சம் எடுத்தும் வருவார்கள். கரிந்த திரி வாசம் அடிக்கும்.

"நெத்தியில ஒரு சிலுவ போடுங்க. அது மட்டும் மதி, வேற வேண்டாம். கட்டுல படக்கூடாது, ஒயருல படவே கூடாது, கேட்டேளா?" என்றேன். தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலைப் பார்வை நேரத்தில் குளோரியம்மா சீக்கிரமே வந்து திரைச்சீலை ஓரமாக நின்றார். நர்ஸ் பிரிஜா சஜினின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்ப வேண்டியிருந்ததால் இழையை மெஷின் ஒயரிலிருந்து கழற்றி, மாற்றி முடித்ததும் மறுபடி மாட்டினாள். தினமும் ஒரே ஒரு தடவை, முறிந்துவிடுமோ என்ற பயத்தோடு செய்வதுதான்.

தினமும் காலையில் மயக்க மருந்தைக் கொஞ்ச நேரம் குறைத்து, பிள்ளை எவ்வளவு தூரம் விழிக்கிறான் என்று பார்ப்போம். அன்றும் பார்த்தேன். கால்களை அசைத்தான். குளோரியம்மா அவன் வலது கையைப் பிடித்திருந்தார். திடீரென்று, "பிடிக்கான்! மோளே, எனக்க கையப் பிடிக்கான்!" என்று கத்தினார். நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மீன் வெட்டி வெட்டித் தழும்பேறிய அந்தக் கையை அவன் விரல்கள் லேசாக இறுக்கின. ஆனால் மெஷினைப் பார்த்ததும் சந்தோஷம் அப்படியே அணைந்துவிட்டது.

"இருபத்தாறு" என்றேன் பிரிஜாவிடம். "ஏறிட்டேதான் இருக்கு. மயக்கத்தத் திரும்பக் கூட்டு. இது எறங்கல்லைன்னா தியேட்டருக்குக் கொண்டு போவணும், சார்கிட்ட சொல்லு."

குளோரியம்மா பக்கத்திலேயே நிற்கிறார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அடுத்த படுக்கையில் ஒரு தாத்தாவுக்கு மூச்சுக்குழாய் அடைத்து மெஷின் அலறியது. இரண்டு பேரும் அங்கே ஓடினோம்.

தாத்தாவைச் சரிபண்ணிக்கொண்டிருக்கும்போது சஜினின் மெஷின் ஒரு தடவை கூவி நின்றது. பிரிஜா போய்ப் பார்த்துவிட்டு, "மேடம், கனெக்சன் கொஞ்சம் லூசா கெடந்து. இறுக்கிட்டேன்" என்று குரல் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால் மெஷினைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

எண் ஒன்பது.

குளோரியம்மா கைகூப்பி நின்றார். கன்னம் நனைந்திருந்தது. நான் பெருமூச்சு விட்டேன். மயக்கத்தைக் கூட்டியது வேலை செய்துவிட்டது என்றுதான் நினைத்தேன், நினைக்க ஆசையாகவும் இருந்தது. இருபத்து மூன்று வயசுப் பிள்ளையின் மண்டையோட்டைக் கழற்ற யாருக்கு ஆசை? "அம்மா, நல்லாருக்கு. கொறஞ்சிட்டு" என்று நானே அவர் தோளைத் தட்டி வெளியே அனுப்பினேன். எட்சன் சார் தியேட்டரில் வேறொரு கேஸில் இருந்தார். போனில் சொன்னதும், "கொள்ளாம் பிள்ளே! அப்ப வீக்கம் கொறைய மருந்த நிறுத்து. மயக்கத்தையும் எறக்கு, எழும்பட்டும்" என்றார். நிறுத்தினேன். இறக்கினேன்.

மத்தியானம் ஆகியும் சஜின் எழும்பவில்லை.

காலையில் கொஞ்சம் மருந்து குறைத்ததற்கே அம்மா கையைப் பிடித்தவன், இப்போது கிள்ளினாலும் முகம் சுளிக்கவில்லை. நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது, இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மண்டைக்குள் மூளை நெருக்கப்படும்போது நடப்பது அது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்மணி சுருங்கத் தாமதிக்கிறதோ என்று ஒரு சந்தேகம். மறுபடி அடித்தேன், சரியாக இருப்பதுபோல் இருந்தது. மூன்றாம் தடவை அடித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண் மட்டும் ஒன்பதிலேயே சமத்தாக உட்கார்ந்திருந்தது. எண்ணுக்குக் கீழே நாடிக்கு நாடி எழும்ப வேண்டிய அலை சப்பென்று கிடந்தது.

சாருக்குப் போன் போட்டேன். தியேட்டரில் யாரோ போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினார்கள்.

"சார், எனக்கு என்னவோ சரியாப் படல. கீழ ஸ்கேனுக்குக் கொண்டு போவட்டா?"

"ஏன் பிள்ளே, நம்பர் எத்தன?"

"ஒம்பது."

"ஒம்பது வச்சுக்கிட்டு அவன வெண்டிலேட்டரோட லிஃப்ட்டுல எறக்கி ஆட்டப் போறியா? ஆட்டுனா அதுலயே ஏறும். அந்த நம்பரப் பாக்கத்தானே தலையில ஓட்ட போட்டேன்."

"மெஷின் தப்பாக் காட்டுதோன்னு..."

"ஒயரக் களட்டிக் கிளட்டிப் பாக்காத. திரும்ப மாட்டும்போ முறிஞ்சா வேற இல்ல. நான் இத முடிச்சிட்டு வாறேன்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அந்தப் பையன் முன்னால் நிற்கவில்லை, நான் நின்றேன்.

தலைமாட்டில் குனிந்து ஒயரை முனை முதல் பார்த்துக்கொண்டே வந்தேன். மடங்கல் இல்லை. இழையும் மெஷின் ஒயரும் சேர்கிற இணைப்பின் அருகே முகத்தைக் கொண்டுபோனபோது அந்த வாசம் வந்தது. தேங்காய் எண்ணெய், கரிந்த திரி. நெற்றிச் சிலுவையிலிருந்து வருவதாக இருக்கலாம். கையுறையைக் கழற்றி வெறும் விரலால் இணைப்பைத் தொட்டேன். வழுக்கியது.

"பிரிஜா! அந்த அம்மாவக் கூப்பிடு!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தாத்தா கண்ணைத் திறந்தார்.

குளோரியம்மா காலைவிடத் தெளிந்த முகத்தோடு வந்தார். வெளியே இருந்த சொந்தக்காரர்களிடம் அந்தோணியார் காப்பாற்றிவிட்டார் என்று அதற்குள் சொல்லி முடித்திருந்தார்.

"அம்மா, எண்ணெ எங்கெல்லாம் பூசுனீங்க?"

"நெத்தியில, மோளே."

"வேற?"

"வேற எங்கயும் இல்ல."

"இந்த ஒயருல?"

"இல்லன்னு சொல்லுதேன்லா."

"பொய் சொல்லாதீங்க! இதா, வழுக்குது. கை பட்டுதா, இல்ல உள்ள விட்டீங்களா? வெளிய மட்டும்னா நான் இத தொட மாட்டேன். உள்ள போயிருந்தா களட்டியே ஆவணும். களட்டும்போ முறிஞ்சா ஒங்க பிள்ளைக்க தலைக்குள்ள என்ன நடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் கேக்குதேன்."

அவர் முகம் இறுகியது. "ஒனக்கு எங்க புண்ணியவாளன் அந்தோணியார்மேல நம்பிக்க இல்ல. நம்பர் கொறஞ்சது ஒனக்குப் பிடிக்கல்ல. அதாக்கும் காரியம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டு வாய்வரை வந்துவிட்டது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஒருவேளை அது உண்மையோ? எண்ணெய் வாசம் என்றதும் நான் இப்படிக் குதிப்பது, சின்ன வயசிலிருந்து எங்கள் சபையில் கேட்டு வளர்ந்த பேச்சினாலோ? குருசடி எண்ணெய்க்குப் பதில் டெட்டால் வாசம் அடித்திருந்தால் இவ்வளவு சத்தம் போட்டிருப்பேனா? வெறும் வீம்புக்காக நான் அந்த இழையைக் கழற்றி முறித்துவிட்டால்?

குரலைத் தணித்தேன். வேறு வழி தெரியவில்லை.

"சரி. நீங்க சொல்லுதத நான் நம்புதேன். அவனுக்க கையப் பிடியுங்க. காலத்த பிடிச்ச அதே கை. அப்ப இருந்த மயக்க மருந்துகூட இப்ப இல்ல. சஜின்னு கூப்பிடுங்க."

குளோரியம்மா வலது கையை எடுத்தார். "மக்கா" என்றார். "சஜினே, அம்மையாக்கும். பிடி மக்கா." அந்தக் கை அவர் கைக்குள் சும்மா கிடந்தது. அவர் அவன் விரல்களைத் தானே மடக்கித் தன் விரலைச் சுற்றி வைத்தார். விட்டதும் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டன. அவர் ஒன்பதைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடியும் ஒன்பதைப் பார்த்தார்.

"எனக்க பிள்ள பிடிக்கல்லியே" என்றார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பிள்ள விரிப்பு மாத்தும்போ ஒயரக் களட்டினா. அதுக்க முனையில செவப்பா ஒரு வெளிச்சம் கண்டேன் மோளே. நம்ம கோயில்ல நற்கருணப் பேழைக்கிட்ட அணையாம ஒரு வெளக்கு எரியுமே, அதே செவப்பாக்கும். பொறவு நம்பர் ஏறிட்டே இருக்கு, தியேட்டர்ன்னு நீ சொன்ன. எனக்க பிள்ளைக்க வெளக்குல எண்ணெ தீந்து போவுதுன்னு நெனச்சேன். நீங்க அந்தப் பக்கம் ஓடும்போ களட்டி ஒரு சொட்டு விட்டேன். ஒரே ஒரு சொட்டு. விட்ட ஒடனே எறங்கிச்சு. நான் எப்பிடிச் சொல்லுவேன்? சொன்னா நீ தொடச்சிருவ. தொடச்சா ஏறிருமே!"

அவர் சொன்னது சரிதான். துடைத்தால் ஏறும். எண்ணெய்ப் படலம் முழுசாக அடைத்திருந்தால் மெஷின் பிழை என்று கத்தியிருக்கும். பாதி ஒளியை விழுங்கிவிட்டு மீதியை விட்டதால், வந்த ஒளியை வைத்து அது தனக்குத் தோன்றிய எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்களும் அந்த எண்ணைக் கும்பிட்டு மருந்தை நிறுத்தினோம்.

"பிரிஜா, சாருக்குச் சொல்லு. கேக்காத, சொல்லு. நான் களட்டுதேன்."

இழையை ஒரு கையால் தலையணையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இணைப்பைத் திருகினேன். மெஷின் கூவியது. எண் மறைந்து கோடுகள் வந்தன. ஒயர் முனையில் அந்தச் சிவப்பு ஒளி தெரிந்தது. அவர் சொன்னது போலவேதான் இருந்தது, அதன்மேல் எண்ணெய் பளபளத்தது. ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்தேன். காயவிட்டேன். மறுபடி துடைத்தேன். இழை முனையையும் மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தேன். முறிந்துவிடாதே என்று நான் அந்த இழையிடம் வாய்விட்டே கெஞ்சியதாகப் பிரிஜா பிறகு சொன்னாள். மாட்டினேன்.

கோடுகள். கோடுகள். கோடுகளே.

"ஆண்டவரே" என்றேன். அந்த நேரத்தில் நான் எந்தச் சபை என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன்.

பிறகு எண் வந்தது. முப்பத்து மூன்று.

குளோரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கட்டிலை விட்டு விலகி, வழிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார். "கொண்டு போங்க" என்றார். "பிள்ளயக் கொண்டு போங்க."

எட்சன் சார் முந்தின கேஸை உதவி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. சஜினின் இடது கண்மணியைப் பார்த்தார். இப்போது அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, விரிந்து நின்றது. நாங்கள் ஓடினோம்.

சஜின் பிழைத்துக்கொண்டான். கழற்றிய எலும்பு எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது, வீக்கம் வடிந்த பிறகு வைப்போம். எண் பன்னிரண்டு, பதினொன்று என்று ஒழுங்காக நிற்கிறது. இந்தத் தடவை எண் சொல்வதையும் கை கால் சொல்வதையும் சேர்த்தே பார்க்கிறோம். இடது கை பிடிக்கிறது. வலது கை பிடிக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகக் குளோரியம்மாவை உள்ளே விட்டபோது, வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மணத்திப் பாரு மோளே. சோப்புப் போட்டுக் களுவிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே கூட்டிப்போனேன். அவர் நேராக வலது பக்கம்தான் போனார். வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு இடது பக்கம் வந்தார். சஜின் இறுக்கினான். அவர் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்குக் காலத்த வலது கையால பிடிச்சானே."

"ஆமா."

"நான் அந்தச் சொட்டு விடாம இருந்திருந்தா, இப்பவும் அது பிடிச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் அவர் பொய் சொன்னதற்கு நான் அவ்வளவு கத்தியவள்.

"இன்னும் முந்தியே தியேட்டருக்குக் கொண்டு போயிருப்போம்மா. பிடிச்சிருக்கலாம். ஆனா அந்த ஒம்பதப் பாத்து நானும்தான் சந்தோசப்பட்டேன். நான்தான் மருந்த நிறுத்துனேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆறுதல் தேடியதாகத் தெரியவில்லை. மறுபடி வலது பக்கம் போய், அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவர் குனிந்தபோது முந்தானையிலிருந்து கரிந்த திரி வாசம் வந்தது.

"எண்ணெக் குப்பி இருக்கா?" என்றேன்.

"இல்ல, இல்ல மோளே. வீட்டுல வச்சிட்டேன்." முடிச்சைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"இருக்குன்னு எனக்குத் தெரியும். எடுங்க."

பயந்து பயந்து எடுத்தார். பிடுங்கிக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் சஜினின் வலது கையின் கீழே ஒரு துவாலையை விரித்தேன். ஊசியெல்லாம் இடது கையில்தான் இருந்தது.

"இந்தக் கை திரும்பணும்னா தெனமும் நல்லா அழுத்தித் தேச்சு விடணும். ஒவ்வொரு வெரலா மடக்கி நிமித்தணும். பிசியோக்காரர் வந்து காட்டித் தருவாரு. அதுவர நீங்க தேயுங்க. இதுல ஒயரு ஒண்ணும் இல்ல."

அவர் குப்பியின் மூடியைத் திறந்து, அவன் உள்ளங்கைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு மதியா, மோளே?"

"பத்தாது" என்றேன். "தாராளமா விடுங்க."